பதினாறாங்கட்டைக் கோயிலும் என் கைப்பையும்

என் தம்பியின் கல்யாணத்தில் தாலி நேரத்துக்கு வந்து சேராததற்கு யார் காரணம் என்ற விசாரணை எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. ஒரு கட்சி தங்காக் ஊர்த் தையல்காரியைக் கைகாட்டுகிறது. இன்னொரு கட்சி மலையை வெட்டி நெடுஞ்சாலை போட்டவர்களைத் திட்டுகிறது. என் கணவர் எந்தக் கட்சியிலும் சேராமல் ஓரமாக உட்கார்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல்தான் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாலி என் கைப்பைக்குள்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மலாய் நாட்டின் தென்கோடியில், மாசாயில் இருக்கிறோம். பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. அதில் பாதிக்கு மேல் லைன் லீடர். முப்பது பெண்கள், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பட்டை, தலைக்கு மேலே ஒரு கடிகாரம். அங்கே பிடித்த குணம் வீட்டிலும் விடவில்லை. எதையும் நானே கையில் எடுத்துச் செய்தால்தான் நிம்மதி. அடுத்தவர் செய்தால் பக்கத்தில் நின்று குறை சொல்லவாவது வேண்டும்.

என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் போனில் சரித்திரக் காணொளிதான். சோறு போட்டுவிட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "ஒரு காலத்துல உப்புக்காகச் சண்டையே போட்டிருக்காங்க, தெரியுமா?" என்பார். உப்பு சரியா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது.

தம்பி கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். நாற்பத்தொரு வயது. இரண்டு இடத்தில் பெண் பேசி இரண்டும் தட்டிப்போயிற்று. முதல் இடத்தில் லாரிக்காரன் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் நிச்சயதார்த்தத்துக்கே மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். துறைமுக வாசலில் லாரி வரிசை நகரவில்லை. அவன் போனபோது அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தாலே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எதையாவது முறுக்க ஆரம்பித்துவிடுவான்.

இந்தப் பெண்ணை அவனே கண்டுபிடித்தான். தங்காக்கிலிருந்து லேடாங் மலையைச் சுற்றிக்கொண்டு சிகாமட் போகும் சாலையில் தோசைக்கடை வைத்திருந்தாள். "லாரிய கடைக்கு முன்னால போட்டு மறைச்சா எனக்கு யாரு வருவா? தள்ளி நிறுத்துங்க!" என்று முதல் நாளே கத்தினாளாம். அதிலேயே விழுந்துவிட்டான். அதன் பிறகு எங்கே சரக்கு இறக்கினாலும் அவன் லாரிக்கு அந்த மலைப்பாதைதான் குறுக்கு வழி.

பெண்ணுக்கு அப்பா இல்லை. எல்லாம் தாய்மாமன்தான். கோயில் கமிட்டித் தலைவர், சத்தமாகப் பேசுகிறவர், கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் மறுபடியும் தாமதம். மழை, வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. அவர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்கு நல்ல நேரம் ஒம்போதுலேருந்து பத்தரை. பத்தரைக்குள்ள தாலி ஏறணும். ஏறலன்னா நா பொண்ண கூட்டிக்கிட்டு போயிக்கிட்டே இருப்பேன். தப்பா நெனச்சிக்காதீங்க தங்கச்சி."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். சுருட்டின பாயைப் பார்த்த அதே முகம். "ஒம்போதுக்கே வந்து நிப்போம்" என்று வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்து அவனிடம் தனியாகவும் சொன்னேன்: "இந்தத் தடவ நா இருக்கேன்லா. ஒண்ணும் ஆகாது."

எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது. அவனுக்கு நான் ஒரே அக்கா. அந்த மூன்றாவது முடிச்சுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது எனக்கும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாளே எல்லாரும் வந்து தங்காக்கில் ஒரு மலிவு ஹோட்டலில் தங்கினோம். கூறைச்சேலையைத் தங்காக்கில்தான் எடுத்திருந்தேன். துணிக்கென்றே பேர் போன ஊர். ரவிக்கையும் அங்கேயே ஒரு தையல்காரியிடம் கொடுத்திருந்தேன். ஆட்களை ஏற்றிப் போக எங்கள் தொழிற்சாலைப் பஸ்ஸையே வாடகைக்குப் பிடித்திருந்தோம். முன்கண்ணாடியில் 'ஷிப்ட் பி' என்ற அட்டையை டிரைவர் எடுக்கவே இல்லை. காலை ஏழு மணிக்கு மாலையும் தலைப்பாகையுமாக என் தம்பி ஷிப்ட் பி பஸ்ஸில் ஏறினான். வழிகாட்டப் பெண் வீட்டிலிருந்து வந்திருந்த ஆளும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

"தாலிய எங்கிட்ட குடுத்துட்டு நீ பின்னால சேலையோட வாக்கா" என்றான் தம்பி.

"ஒங்கிட்டயா? ஒரு லாரி சாவிய ஒழுங்கா வெச்சிருக்கியா நீ?" என்றேன். அதோடு விட்டேனா? மாப்பிள்ளை கையில் போன் இருக்கக்கூடாது, மணமேடையில் உட்கார்ந்து யாரோடாவது சரக்கு பற்றிப் பேசிக்கொண்டிருப்பான் என்று அதையும் பிடுங்கி, மணி அடிக்காதபடி வாயை அடைத்து, தாலிக்குப் பக்கத்தில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பஸ் போயிற்று.

ரவிக்கை ஆறரைக்கே தயார். நான்தான் விரித்துப் பார்த்துவிட்டு, கை ஒரு விரல் நீளம் என்று பிரித்துத் தைக்கச் சொன்னேன். தையல்காரி பிரித்தாள். தைத்து முடித்தபோது எட்டே கால். பரவாயில்லை, முக்கால் மணி நேரப் பாதை, ஒன்பதுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினோம். கார் கணவர் கையில். கைப்பை என் மடியில்.

புதிதாக அகலப்படுத்தின சாலை அது. மலையின் அடியைச் சீவி, மேட்டை வெட்டி, வெட்டின இடத்துக்கெல்லாம் சிமெண்டு பூசி, நடுவே நெடுக இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. கணவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இது எந்தப் பாதைன்னு தெரியுமா ஒனக்கு? அந்தக் காலத்து வியாபாரப் பாதை. மூவார் ஆத்துல படகு வரும். அங்கேருந்து யானையிலயும் தலைச்சுமையாவும் இந்த மல ஓரமா உள்ள போவாங்க. மேல போறது நம்ம ஊருத் துணி. கீழ வர்றது தங்கம்."

"ரோட்ட பாத்து ஓட்டுங்க."

"இப்ப நீ மடியில என்ன வெச்சிருக்க? துணி, தங்கம். ஆயிரம் வருசமா அதே சரக்குதான் போயிக்கிட்டு இருக்கு!"

எனக்கு அதில் ஒரு பெருமையும் தோன்றவில்லை. எனக்கு வேறு அவசரம். காலையில் குடித்த இரண்டு கோப்பைத் தேநீர் தன் வேலையைக் காட்டியது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னேன். நான் கழிப்பறையிலிருந்து வந்து பார்த்தால் மனிதர் ஒரு பெரிய அறிவிப்புப் பலகையின் முன்னால் நிற்கிறார். யானைப் படம், படகுப் படம், பழைய பாதையின் வரைபடம். அதை இப்படியும் அப்படியும் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுக்குப் போறோமா, பள்ளிக்கூடச் சுற்றுலாவா?" என்று கத்தினேன். அங்கே நாசி லெமாக் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. அவர் வந்து வண்டியை எடுத்தார்.

கல்யாணப் பத்திரிகையில் 'பதினாறாங்கட்டை மாரியம்மன் ஆலயம்' என்று போட்டிருந்தது. போன் வரைபடத்தில் எப்படித் தட்டிப் பார்த்தாலும் அப்படி ஓர் இடம் இல்லை என்றது. தாய்மாமனோ, "யார கேட்டாலும் சொல்வாங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். நான் கவலைப்படவில்லை. கட்டைக் கணக்கு எனக்குத் தெரியாதா?

இந்த இடத்தில் கட்டை என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்த் தமிழில் கட்டை என்றால் மைல். வெள்ளைக்காரன் காலத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்த கல்லைக் கட்டை என்றார்கள். அதிலிருந்து தூரமே கட்டையாகிவிட்டது. ஐந்தாங்கட்டைத் தோட்டம், ஒன்பதாங்கட்டைக் கள்ளுக்கடை என்று ஊர் முழுக்கக் கட்டைதான். நாடு கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் வாய் மாறவில்லை. இப்போது கிலோமீட்டர் கல்லையும் சிலர் கட்டை என்றே சொல்லிவிடுகிறார்கள். சிலர் என்றால் நான்.

தங்காக்கிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். சாலையோரக் கல்லில் பதினாறு வந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க, பதினாறாங்கட்டை!" என்று கூவினேன். நிறுத்தினார். ஒரு தகரக் கூரை, அதன் கீழே டுரியான் பழமும் கொத்துக் கொத்தாகப் பெத்தாய்க் காயும். அவற்றுக்கு நடுவே ஒரு மலாய் அம்மா. கோயிலுமில்லை, கொட்டுமில்லை. மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்.

நான் இறங்கி ஓடினேன். மலாய்க்காரர்களிடம் மைலுக்குக் கல் என்று பேர், 'பத்து' என்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மலாய் பேசுகிற வாய் இது. தொழிற்சாலையில் முப்பது பேரை மலாயில்தான் மேய்க்கிறேன். ஆனால் பதற்றத்தில் தமிழ்க் கட்டையை அப்படியே தூக்கி மலாயில் போட்டுவிட்டேன். மலாயில் காயு என்றால் மரக்கட்டை, குயில் என்றால் கோயில்.

"மக்சிக், குயில் எனாம் பெலாஸ் காயு டி மானா?"

பதினாறு மரக்கட்டைக் கோயில் எங்கே என்று நான் கேட்டது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒருத்தி ஓடிவந்து பதினாறு கட்டை என்கிறாள். கோயிலுக்குத் தூண் போட ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார்போல. முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, அக்கா நாக் பெலி காயு!" மரம் வாங்க வந்திருக்கிறீர்களா என்று சந்தோஷப்பட்டு, முன்னால் கையை நீட்டினார். "கிலாங் பாப்பான் டெப்பான் சானா!"

அவர் சொன்னது பலகை அறுக்கும் ஆலை. பதற்றத்தில் என் காதில் விழுந்தது 'முன்னால்' மட்டும். வண்டியில் வந்து உட்கார்ந்து, "முன்னால போங்க, அந்தம்மா சொல்லிட்டாங்க" என்றேன். முன்னால் போய், தடுப்பு விட்ட இடத்தில் திரும்பி எதிர்ப்பக்கம் வந்தோம். ஆலையின் வாசலில் கார் நின்றது. உள்ளே மலை மலையாக மரத்தூள். நேப்பாளக் காவலாளி எங்களுக்கு மிடுக்காக சல்யூட் அடித்தார்.

"நீ என்னான்னு கேட்ட அந்தம்மாகிட்ட?" என்றார் கணவர்.

சொன்னேன்.

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "அலமாக்! காயுன்னா கேக்குறது? பதினாறு பத்துன்னு கேக்கணும்லா!"

"பதினாறு பத்து நூத்தியறுபதுன்னு எனக்குத் தெரியும். இப்ப வாய்ப்பாடுதான் கேக்குதா?" என்றேன். கோபத்தில் மலாய், தமிழ் இரண்டும் எனக்குக் கலங்கிப்போயிருந்தன. அவர் அழுதுவிடுவார் போலச் சிரித்தார். அன்று நான் அவரை விவாகரத்து செய்யாமல் விட்டதற்கு ஒரே காரணம், கார் அவர் கையில் இருந்தது.

ஆனால் கணக்கை அவர்தான் போட்டார். பெண் வீட்டுக்கு டவுன் என்றால் சிகாமட். ஆகவே பதினாறு மைல் என்பது சிகாமட்டிலிருந்து. கிலோமீட்டரில் இருபத்தாறு. பச்சைப் பலகையில் 'சிகாமட் 26' என்று வரும் இடம். சரி என்றேன். ஆனால் எங்கள் கார் நின்ற பக்கம் தங்காக் போகும் பக்கம். நடுவே அந்த இரும்புத் தடுப்பு. ஆலைக்காக ஒருமுறை திரும்பியது போதாதென்று மறுபடி திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் இடமோ அந்தச் சாலையில் அபூர்வமாகத்தான் வரும். வந்த வழியே வெகுதூரம் போய்த் திரும்பி, மறுபடியும் அந்தப் பெத்தாய்க் கடையைக் கடந்தோம். மலாய் அம்மா கையசைத்தார்.

'சிகாமட் 26' வந்தபோது மணி பத்தாகப் போகிறது. ஒரு பக்கம் வெட்டின மலை. சிமெண்டுச் சுவர், கம்பி வலை, வலைமேல் நான்கு குரங்குகள். இன்னொரு பக்கம் பள்ளம். கோயில் இருந்ததற்கு ஒரு செங்கல்கூட அடையாளம் இல்லை. அப்போது என் போனில் ஒரு கோடு அலை வந்தது. தாய்மாமனைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"எங்க இருக்கீங்க தங்கச்சி? மாப்புள மேடையில உக்காந்துட்டாரு! மணிய பாத்தீங்களா?"

"பதினாறாங்கட்டையிலதாங்க நிக்கிறோம்! கோயிலக் காணோம்!"

"அங்க எப்டிங்க இருக்கும்? ரோட்ட அகலமாக்குனப்ப கோயில கீழ மாத்திட்டோம்ல!"

"அப்ப பேரையும் மாத்தியிருக்கலாம்ல!"

"பேர எப்டிம்மா மாத்துறது? கட்டையவும் சேத்துல்ல தூக்கிக்கிட்டு வந்தோம்! வாசல்லயே நட்டு வெச்சிருக்கோம், தெனம் பூச நடக்குது!"

மைல் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இது தோன்றும்? "கீழன்னா எங்க?" என்று நான் கத்துவதற்குள் அலை போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். போகவே இல்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் குரங்குகளைப் பார்த்தபடி நின்றேன்.

கணவர் அப்போது சிரிக்கவில்லை. ஓய்விடத்தில் எடுத்த படத்தைப் போனில் விரித்து என்னிடம் காட்டினார்.

"இங்க பாரு. புது ரோடு மேட்ட வெட்டிக்கிட்டு நேரா போவுது. பழைய பாத அப்டி போகாது. யானைக்கும் சுமைக்காரனுக்கும் தண்ணி வேணும், அதனால ஆத்த விட்டுப் பிரியாது. பின்னால வெள்ளைக்காரன் போட்ட ரோடும் அதே மேலதான். கோயிலு மேலேருந்து எறங்குச்சின்னா அந்தப் பழைய ரோட்டுக்குத்தான் எறங்கியிருக்கும்."

வேறு நேரமாக இருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். அன்று, "போங்க" என்று மட்டும் சொன்னேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவருடைய சரித்திரத்துக்கு நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

சற்றுத் தூரத்தில் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து போகும் ஒரு ஒடுங்கின தார்ச்சாலை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. இறங்கினோம். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். ஒரு சிற்றாறு எங்கள் கூடவே வந்தது. குழிக்குக் குழி கார் ஏறி இறங்கியது. ஒரு வளைவில் நடுச்சாலையில் மாடுகள் படுத்திருந்தன. கணவர் ஹாரன் அடித்தார். ஒன்று மட்டும் காதை ஆட்டியது. நான் இறங்கிப் பட்டுச்சேலையோடு மாடு ஓட்டினேன்.

திரும்ப ஏறி உட்கார்ந்தபோது காரின் கடிகாரத்தில் பத்து முப்பது. என் கண் முன்னாலேயே பத்து முப்பத்தொன்று ஆயிற்று. நான் அழுதுவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டெல்லாம் இல்லை, சத்தம் போட்டே அழுதேன். முப்பது பெண்களை வேலை வாங்குகிறேன், ஒரு தம்பிக்கு ஒரு மூன்றாவது முடிச்சுப் போட வக்கில்லை. ஒரு விரல் நீளக் கைக்காக அவன் கல்யாணத்தைத் தொலைத்துவிட்டேன். அவன் இந்நேரம் சுருட்டுகிற பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கணவர் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டினார்.

முதலில் தெரிந்தது 'ஷிப்ட் பி'தான். செம்பனைகளுக்கு நடுவே அந்த அட்டையைப் பார்த்ததும், இருபத்திரண்டு வருடம் நான் சபித்த அந்தப் பஸ்ஸைக் கும்பிட்டேன். கோபுரம் தெரிந்தது, பந்தல் தெரிந்தது. மேளச் சத்தம் மட்டும் இல்லை. கார் நிற்பதற்குள் குதித்து, செருப்பை எங்கேயோ உதறிவிட்டு உள்ளே ஓடினேன். மணி பத்து நாற்பத்தொன்று.

பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒருவரும் பாயைச் சுருட்டியிருக்கவில்லை. மேடையில் பெண் யாருடையதோ ஆரஞ்சு நிறச் சேலையில், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். என் தம்பி அவளுக்குப் பின்பக்கமாகக் குனிந்து, இரண்டு கையையும் அவள் பிடரியில் வைத்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தான். தலைப்பாகை ஒரு கண்ணை மறைத்திருந்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பக்கத்தில் குருக்கள் விசிறிக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் என்மேல் பாய்ந்தார். "வந்தீங்களா! பத்து இருவத்தெட்டாயிடுச்சி, இனிமே தாங்காதுன்னு மஞ்சக் கெழங்க கயித்துல கட்டி ஏத்தச் சொல்லிட்டேன். ரெண்டு முடிச்சு போட்டாரு. மூணாவது எம் பொஞ்சாதி போடுறேன்னு வந்தா விடமாட்றாரு! அப்பலேருந்து நூல புடிச்சிக்கிட்டு இப்டியே நிக்கிறாரு. நானும் சொல்லிட்டேன், ஐயரும் சொல்லிட்டாரு. கேக்க மாட்றாரே!"

தம்பி நிமிரவில்லை. நிமிர்ந்தால் நூல் கைநழுவிவிடும் என்று பயம்.

"வந்துட்டியாக்கா? மூணாவது ஒன்னோடது. கைய எடுத்தா யாராச்சும் போட்ருவாங்கன்னுதான்..."

பதின்மூன்று நிமிடம். நான் மேடையில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவன் கையிலிருந்து நூலை வாங்கினேன். விரல்கள் விறைத்துப்போய் விடவில்லை. ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நூல் இரண்டாகத் தெரிந்தது. எது எந்த நுனி என்று தடவிக்கொண்டிருந்தேன்.

குனிந்த தலைக்கு அடியிலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அண்ணி, அழறத அப்பறமா வெச்சிக்கலாம். மொதல்ல கட்டுங்க, கழுத்து போச்சு."

கட்டினேன். கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். மேளம் கிளம்பியது, அரிசி பறந்தது, தாய்மாமன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் குருக்கள் தங்கத் தாலியை அதே நூலில் நிதானமாகக் கோத்துக் கொடுத்தார். கூறைச்சேலையை அவள் விருந்துக்கு உடுத்தி வந்தாள். ரவிக்கையின் கை ஒரு விரல் குட்டையாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் அந்தக் கட்டையைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரக் கல். பூசிப் பூசி ஊர்ப்பெயர் அழிந்துவிட்டது. 16 மட்டும் குங்குமத்துக்கு நடுவே தெரிந்தது. எங்கிருந்து பதினாறு என்று அதற்கே மறந்திருக்கும். கணவர் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாக விலகி இடம் விட்டேன்.

அப்போது தம்பி வந்தான். இலையில் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கை மரத்துப்போய், பெண்தான் அவனுக்கு ஊட்டிவிட்டாள். "எம் போனக் குடுக்கா" என்றான். கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். திரையைத் தொட்டவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

பெண்ணின் போனிலிருந்து பதினொரு தடவை அழைப்பு. ஒன்பது மணியிலிருந்து மூன்று தடவை கோயில் இருக்குமிடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பியிருக்கிறான். மற்றவர்கள் என் போனுக்கு அடித்தது ஒன்றும் போகவில்லை, என் நம்பர் அவனுக்கு மனப்பாடமும் இல்லை. தன் நம்பர் தெரியும், அந்தப் போன் என் பையில் இருப்பதும் தெரியும். மலைச்சாலையில் என் போனுக்குக் கிடைக்காத அலை லாரிக்காரன் போனுக்கு வழியெல்லாம் கிடைத்திருக்கிறது. அதன் வாயை அடைத்து ஜிப்பை இழுத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் வழி கேட்டேன். என் கணவர் அன்று ஆரம்பித்த சிரிப்புதான் இன்னும் நிற்கவில்லை.

கடைசியாக ஒரு குரல் செய்தி இருந்தது. பத்து முப்பத்தொன்றுக்கு வந்தது. தம்பி வெட்கப்பட்டு அழிக்கப் போனான். நான் பிடுங்கி அழுத்தினேன்.

"அக்கா, நீ அழுவன்னு தெரியும். அழாத. ரெண்டு முடிச்சு போட்டுட்டேன், மிச்சத்த புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நீ மெதுவா வா."

அதற்குப் பின்னால், போனை அவன் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தவளின் குரல்:

"மெதுவாலாம் வேணாம் அண்ணி, சீக்கிரம் வாங்க!"